ஹோண்டா சிபி750 ஃபோர்: கேம் செயின் டென்ஷனரைச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

1968 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி750, நான்கு சிலிண்டர்களுக்கும் மேலே, வால்வுகளைத் திறந்து மூடும் ஒற்றைக் கேம்ஷாஃப்ட் கொண்ட 736 சிசி இன்ஜினுடன் 1978 வரை தயாரிக்கப்பட்டது. அந்தக் கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது, இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவது சிலிண்டருக்கும் இடையே உள்ள பொந்து வழியாகக் கிராங்கிலிருந்து, அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டிலிருந்து, மேலே ஏறி இறங்கும் ஒரு செயின். இதைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் டைமிங் செயின் என்கிறார்கள். இன்றைய நூறு சிசி வண்டிகளில் இந்தச் செயினின் தொய்வை டென்ஷனர் தானாகவே எடுத்துக்கொள்வதால், அவற்றில் பழகிய கைகளுக்கு இது அவ்வப்போது மனிதர் கவனிக்க வேண்டிய வேலை என்பதே மறந்துபோயிருக்கும். சிபி750-ல் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

வேலை மிகச் சிறியது. ஒரு லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் தளர்த்தி, மறுபடி இறுக்குவதோடு முடிந்துவிடும். ஆனால் கிராங்க் எந்த இடத்தில் நிற்கும்போது தளர்த்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த இடம் தவறினால், சரிசெய்வதாக நினைத்துச் செய்த வேலையே செயினை முன்பைவிடத் தொய்வாக விட்டுவிடும். ஆகவே படிகளைச் சொல்லும் முன் இந்த அமைப்பு இயங்கும் விதத்தைச் சற்று விரிவாகவே பார்த்துவிடலாம்.

டென்ஷனர் இயங்கும் விதம்

வண்டியின் வலப்புறத்திலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். கிராங்கின் சிறு பல்சக்கரம் செயினை இழுக்கும்போது, முன்பக்க இழை கீழ்நோக்கி இறங்குகிறது, பின்பக்க இழை மேல்நோக்கி ஏறுகிறது. இழுபடுவது முன்பக்க இழை என்பதால் அது எப்போதும் விறைப்பாக இருக்கும், தொய்வு முழுவதும் பின்பக்க இழையில் வந்து சேரும். சைக்கிளை மிதிக்கும்போது செயினின் மேல் இழை விறைத்துக் கீழ் இழை தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதனால்தான் முன்பக்கத்தில் செயினை வழிநடத்தும் அசையாத கைடும், பின்பக்கத்தில் ஸ்பிரிங்கின் உந்துதலோடு உள்நோக்கி அழுத்தும் டென்ஷனரும் வைக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செயினை இறுக்குவது அந்த ஸ்பிரிங், வெளியே தெரியும் போல்ட் அல்ல. ஸ்பிரிங் தள்ளிய இடத்திலேயே டென்ஷனர் நின்றுவிடும்படி பிடித்துக்கொள்வது மட்டுமே போல்ட்டின் வேலை. செயின் சத்தம் போடுகிறது என்று சொல்லி அந்தப் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குபவர்களைப் பல இடங்களில் காணலாம். அப்படி முறுக்குவதால் செயின் ஒரு நூலளவும் இறுகாது. மாறாக, போல்ட்டின் முனை உள்ளே உள்ள தண்டில் பள்ளம் பதிக்கும், அடுத்த முறை தளர்த்தும்போது டென்ஷனர் அந்தப் பள்ளத்திலேயே சிக்கி நகர மறுக்கும்.

ஓடும் இன்ஜினில் செயின் ஒரே சீராக இழுபடுவதில்லை. கேமின் மேடு ஒரு வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியிருப்பதால் கேம் பின்வாங்கப் பார்க்கும், அப்போது முன் இழை விறைக்கும். அதே மேட்டின் இறங்குமுகத்தில் வால்வு மூடும்போது, ஸ்பிரிங் கேமை முன்னோக்கி உந்திவிடும், அப்போது முன் இழை தளர்ந்து தொய்வு அந்தப் பக்கம் போய்விடும். இன்ஜினை நிறுத்திக் கையால் சுற்றும்போதும் இதுவே நடக்கிறது. கேம் உந்தப்பட்டு முன்னே ஓடிய நிலையில் டென்ஷனரைத் தளர்த்தினால், பின் இழை ஏற்கெனவே விறைப்பாக இருப்பதால், அது தொய்வே இல்லை என்று எண்ணி அங்கேயே நின்றுவிடும். இன்ஜினைக் கிளப்பியதும் தொய்வு மறுபடி பின்பக்கம் திரும்பி, செயின் அடித்துக்கொள்ளத் தொடங்கும்.

ஹோண்டா தன் கையேட்டில், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியை (பிஸ்டன் காற்றை அழுத்தியபடி மேலே வந்து சேரும் இடத்தை) தாண்டி ஏறத்தாழ 15 டிகிரி சென்ற நிலையில் வேலையைச் செய்யச் சொல்வது இதனால்தான். அந்த இடத்தில் முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். நான்காவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியும் தறுவாயைக் கடந்து, இன்டேக் வால்வு திறந்துகொண்டிருக்கும். ஆகவே கேம் சுழற்சிக்கு எதிர்ப்புக் காட்டி நிற்கும், முன் இழை விறைத்து, தொய்வு முழுவதும் டென்ஷனர் இருக்கும் பக்கம் வந்து நிற்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

இந்த இன்ஜினில் ஐட்லிங்கில் கேட்கும் எல்லாக் கடகடப்பும் கேம் செயினின் சத்தம் அல்ல. சிபி750-ல் கிராங்கிலிருந்து கிளட்ச் பக்கம் சக்தியைக் கொண்டுசெல்ல இரண்டு பிரைமரி செயின்கள் அருகருகே ஓடுகின்றன. நான்கு கார்புரேட்டர்களும் ஒத்திசையாமல் இருந்தால், ஐட்லிங்கில் கிராங்க் சீராகச் சுழலாமல் அந்தச் செயின்கள் குலுங்கிச் சத்தமிடும். இந்தச் சத்தம் இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும், த்ராட்டிலைச் சற்றே திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கேம் செயினின் சத்தமோ சிலிண்டர்களின் நடுவிலிருந்து மேல்நோக்கி எழும், த்ராட்டிலை மூடி வேகம் இறங்கும்போது தெளிவாகக் கேட்கும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட இடத்தில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். வால்வுகளைத் தள்ளும் பகுதியில் உள்ள இடைவெளியால் எழும் டேப்பட் சத்தம் இவ்விரண்டைவிட மெல்லியது, சீரான தாளத்தில் டிக் டிக்கென்று தலைப்பகுதியிலிருந்து வரும்.

தேவையான கருவிகள்

23 எம்எம் ஸ்பேனர் அல்லது சாக்கெட், பிளக் ஸ்பேனர், டென்ஷனரின் லாக் நட்டுக்கும் போல்ட்டுக்கும் பொருந்தும் சிறு ஸ்பேனர்கள், டேப்பட் மூடிகளுக்கான ரிங் ஸ்பேனர், சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், டார்ச், வேஸ்ட் துணி ஆகியவை போதும். இவற்றோடு ஜப்பானிய அளவுமுறையில் செய்யப்பட்ட நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அக்கால ஜப்பானிய வண்டிகளின் ஸ்குரூக்களில் சாதாரண நட்சத்திர ஸ்குரூ டிரைவர் முழுமையாக உட்காராமல் வழுக்கி மேலெழும்பும், ஓரிரு முறை அப்படி வழுக்கினாலே தலை சிதைந்துவிடும். ஐம்பது ஆண்டு பழைய கவரின் ஸ்குரூவைச் சிதைத்துவிட்டு அதைத் துளையிட்டு எடுப்பதோடு ஒப்பிட்டால், அந்த ஸ்குரூ டிரைவரின் விலை ஒன்றுமே இல்லை.

வண்டியைத் தயார் செய்தல்

இன்ஜின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். முந்தைய இரவே வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் வேலையைத் தொடங்குவது சிறந்தது, ஏனெனில் இதைத் தொடர்ந்து வால்வு இடைவெளியையும் குளிர்ந்த இன்ஜினில்தான் அளக்க வேண்டியிருக்கும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்துவிடவும். பெட்ரோல் குழாயை மூடி, ரப்பர் டியூபைக் கழற்றி, டேங்கை எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் தனியே வைக்கவும். டேங்க் இருக்கும்போது டேப்பட் மூடிகளைக் கழற்ற முயல்வது நேரத்தையும் பொறுமையையும் வீணாக்குவதோடு, டேங்கின் பெயிண்டையும் கீறிவிடும்.

பிளக்குகளைக் கழற்றும் முன், அவற்றின் குழிகளில் தேங்கிய மண்ணையும் தூசியையும் காற்றடித்து வெளியேற்றவும். பிறகு நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டால் கம்ப்ரஷன் தடையில்லாமல் கிராங்கைக் கையால் நிதானமாகச் சுற்ற முடியும். பிளக்குகளை மாட்டியபடியே சுற்றினால், உச்சியைத் தாண்டிய கணத்தில் கிராங்க் துள்ளி நாம் நிறுத்த வேண்டிய இடத்தைக் கடந்து ஓடிவிடும்.

கிராங்கைச் சரியான இடத்தில் நிறுத்துதல்

இன்ஜினின் வலப்பக்க முனையில் உள்ள வட்டமான பாயிண்ட் கவரைக் கழற்றவும். உள்ளே பாயிண்டுகள், அதாவது தீப்பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள், மாட்டப்பட்ட தகட்டில் ஒரு சிறு சாளரம் இருக்கும். அதன் வழியே பார்த்தால், கிராங்கோடு சேர்ந்து சுழன்று, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்னதாக்கும் அட்வான்ஸர் தெரியும். அதில் முதல், நான்காம் சிலிண்டர்களுக்கு 1·4 என்றும், இரண்டு, மூன்றாம் சிலிண்டர்களுக்கு 2·3 என்றும் பொறித்து, ஒவ்வொன்றுக்கும் டி, எஃப் என்ற குறிகள் இடப்பட்டிருக்கும். எஃப் தீப்பொறி விழும் இடம், டி பிஸ்டன் உச்சியில் இருக்கும் இடம். நமக்குத் தேவை 1·4-க்குரிய டி. சிலிண்டர்களை எண்ணும்போது ஓட்டுநராக வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் இடக்கைப் பக்கம் உள்ளதையே முதல் சிலிண்டராகக் கொள்ள வேண்டும்.

கிராங்கைச் சுற்ற, அட்வான்ஸரின் மேலுள்ள பெரிய அறுகோண வாஷரில் 23 எம்எம் ஸ்பேனரைப் பொருத்தவும். அதன் நடுவில் இருக்கும் சிறிய போல்ட்டின் தலையில் எக்காரணம் கொண்டும் ஸ்பேனர் போடக் கூடாது. அது 6 எம்எம் தடிமன் மட்டுமே உடையது, முறிந்தால் மிச்சத் துண்டு கிராங்கின் முனைக்குள்ளேயே தங்கிவிடும், அதை வெளியே எடுப்பது ஒரு நாள் வேலையாகிவிடும்.

இப்போது முதல் சிலிண்டரின் இன்டேக், எக்ஸாஸ்ட் டேப்பட் மூடிகள் இரண்டையும் கழற்றவும். மூடிகள் மென்மையான அலுமினியத்தால் ஆனவை என்பதால், ரிங் ஸ்பேனர் நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விசை கொடுக்கவும். கிராங்கைக் கடிகாரத் திசையில் மெதுவாகச் சுற்றி, 1·4-இன் டி குறியைத் தகட்டில் உள்ள நிலையான குறியோடு நேர்ப்படுத்தவும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றே சுற்றுவதால், இந்த டி குறி இருமுறை நேர்ப்படும். ஒருமுறை முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும், மறுமுறை நான்காவது சிலிண்டர் இருக்கும்.

எது என்று அறிய, முதல் சிலிண்டரின் ராக்கர்களை (கேமின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் சிறு நெம்புகோல்களை) விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். இரண்டும் மிகச் சிறிதளவு ஆடினால் வால்வுகள் மூடியிருக்கின்றன, சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று பொருள். இந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. இன்டேக்கில் 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் 0.08 மில்லிமீட்டர் என்பதே விதிக்கப்பட்ட இடைவெளி. விரல் நுனியில் ஒரு சிறு தட்டல் உணர்வாக மட்டுமே அது தெரியும். இடைவெளி குறைந்துபோன வண்டியில் அதுகூடத் தெரியாமல் போகலாம். அப்படியானால் முதல் சிலிண்டரின் பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு கிராங்கைச் சுற்றிப் பார்க்கவும். டி குறி நெருங்கும்போது காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன்தான். இல்லையென்றால் அதே திசையில் இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் டி குறியில் நிறுத்தவும்.

அடுத்து, டி குறியிலிருந்து அதே கடிகாரத் திசையில் இன்னும் சற்றுச் சுற்றவும். அட்வான்ஸரின் ஸ்பிரிங் மாட்டப்பட்டிருக்கும் சிறிய முளை சாளரத்தில் தோன்றி, நிலையான குறியை ஒட்டி அதன் வலப்புறம் வந்ததும் நிறுத்தவும். நாம் தேடும் 15 டிகிரி இதுதான்.

முளை தாண்டிப் போய்விட்டால், கிராங்கைப் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னோக்கித் திருப்பும்போது கிராங்க் பின் இழையை இழுத்து விறைப்பாக்கி, தொய்வை முன் இழைக்குத் தள்ளிவிடும். மேலே விவரித்த அதே பொய்யான நிலைதான் இங்கும் உருவாகும், குறிகள் எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கும், செயின் மட்டும் தவறான பக்கம் தொய்ந்திருக்கும். தாண்டிவிட்டால் முன்னோக்கியே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். பிளக்குகள் இல்லாத இன்ஜினில் இதற்குச் சில விநாடிகளே ஆகும்.

டென்ஷனரைத் தளர்த்தி, மீண்டும் பூட்டுதல்

சிலிண்டர் பிளாக்கின் பின்புறத்தில், நடுவே, கார்புரேட்டர்களுக்குக் கீழே டென்ஷனரின் போல்ட்டும் லாக் நட்டும் இருக்கின்றன. டார்ச் அடித்து இடத்தைப் பார்த்து, சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டுத் தொடங்கவும். முதலில் லாக் நட்டைத் தளர்த்தவும், பிறகு போல்ட்டை ஓரிரு சுற்றுகள் தளர்த்தவும். போல்ட்டை முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. தளர்ந்த கணத்தில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் டென்ஷனரைத் தள்ளிச் செயினோடு அழுத்தும். காது கொடுத்தால் சில வண்டிகளில் ஒரு மெல்லிய சொடுக்குக் கேட்கும். கேட்காவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், முன்பே சரியான இடத்தில் இருந்த டென்ஷனர் நகர வேண்டிய அவசியமே இருக்காது.

நீண்ட காலம் ஓடாமல் நின்ற வண்டியில், பழைய ஆயில் பிசினாக இறுகி டென்ஷனரைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். போல்ட் தளர்ந்திருக்கும் நிலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் அந்தப் பகுதியை மெல்லத் தட்டிப் பார்க்கலாம். போல்ட்டின் மரை வழியே துரு நீக்கும் எண்ணெய் சிறிது விட்டு, ஓர் இரவு காத்திருந்து மறுபடி முயலலாம். ஸ்குரூ டிரைவரால் நெம்புவதும் கனமான சுத்தியலால் அடிப்பதும் கூடவே கூடாது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால், ஸ்பிரிங் தரும் அளவான அழுத்தத்தை விடப் பன்மடங்கு அழுத்தம் செயினிலும் டென்ஷனரின் ரப்பர் முகத்திலும் விழுந்து, இரண்டும் விரைவில் தேய்ந்துபோகும்.

டென்ஷனர் இடம்பிடித்ததும், கிராங்கை அசைக்காமல் போல்ட்டை மெதுவாக இறுக்கவும். 6 எம்எம் மரைக்கு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். கையளவில் சொன்னால், குட்டையான ஸ்பேனரை இரண்டு விரல்களால் இழுக்கும் அளவு. பிறகு போல்ட் கூடச் சுழலாதபடி அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கவும். கடைசியாகக் கிராங்கைக் கடிகாரத் திசையில் மெதுவாகச் சில சுற்றுகள் சுற்றி, எங்கும் தட்டல் இல்லாமல் சீராகச் சுழல்கிறதா என்று பார்க்கவும்.

இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டுக்கொண்டே போல்ட்டைத் தளர்த்தி இறுக்கும் முறை ஒன்றும் வழக்கத்தில் உள்ளது. பிற்கால மாடல்கள் சிலவற்றுக்கு அதுவே கையேடு சொல்லும் முறை. இந்த இன்ஜினுக்கு அதைக் கொண்டுவர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஓடும் செயின் டென்ஷனரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருப்பதால், நாம் போல்ட்டை இறுக்கும் கணத்தில் அது எந்த நிலையில் மாட்டிக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

அடுத்து வரும் வேலைகளின் வரிசை

கேம் செயினை முதலில் சரிசெய்து, அதன் பிறகே வால்வு இடைவெளியையும், அடுத்துப் பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கார்புரேட்டர்களின் ஒத்திசைவையும் கவனிக்க வேண்டும். செயின் தொய்ந்திருந்தால் கேமே பின்தங்கி நிற்பதால், அதன்மேல் செய்யும் எந்த அளவும் நிலைக்காது. சிபி750-ல் பாயிண்டுகள் கிராங்கின் முனையில் இருப்பதால் தீப்பொறி நேரத்தைச் செயினின் தொய்வு நேரடியாகப் பாதிப்பதில்லை. அதே காலத்து இரட்டைச் சிலிண்டர் சிபி350-ல் பாயிண்டுகள் கேமின் முனையில் இருப்பதால், செயின் தொய்ந்தால் வால்வு நேரமும் தீப்பொறி நேரமும் சேர்ந்தே தடுமாறும். அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியமானது. ஆனால் அதில் கிராங்கை நிறுத்த வேண்டிய நிலை வேறு என்பதால், இங்கே சொன்ன 15 டிகிரிக் கணக்கை அதில் பயன்படுத்தக் கூடாது.

சத்தம் அடங்காவிட்டால்

முறைப்படி செய்தும் நடுவிலிருந்து வரும் கடகடப்பு மாறவில்லை என்றால், முழு வேலையையும் ஒருமுறை திரும்பச் செய்து பார்க்கவும். முதல் முறை கிராங்கைப் பின்னோக்கித் திருப்பிய நிலையில் செய்திருக்கலாம். இரண்டாம் முறையும் பயனில்லை என்றால், டென்ஷனர் நகரக்கூடிய தொலைவின் எல்லைக்கு வந்துவிட்டது, அதாவது செயின் நீண்டுவிட்டது அல்லது ரப்பர் முகங்கள் தேய்ந்து கரைந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது, இன்ஜினின் முன்பக்கம் உள்ள ஆயில் ஃபில்டரைப் பிரித்து, அதன் மடிப்புகளைத் துணியில் விரித்துப் பார்க்கவும். கறுத்த ரப்பர்த் துணுக்குகள் தெரிந்தால் கைடும் டென்ஷனரும் உதிரத் தொடங்கிவிட்டன. மினுமினுக்கும் அலுமினியத் தூள் தெரிந்தால், செயின் தன் பொந்தின் சுவரையே உரசுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது நல்லதல்ல. செயின் ஒரு பல் தாண்டினால் வால்வு நேரம் முழுவதும் கெட்டுவிடும், பல பற்கள் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும்.

இதற்கு மேல் போவது பெரிய வேலை. சிபி750-இன் கேம் கவரை இன்ஜின் ஃபிரேமுக்குள் இருக்கும்போது தூக்கி எடுக்க இடம் போதாது, ஆகவே இன்ஜினை வெளியே இறக்கியாக வேண்டும். தொழிற்சாலையில் பொருத்திய செயின் இணைப்புக் கண்ணி இல்லாத முழு வளையம் என்பதால், அதை அப்படியே மாற்றக் கிராங்க்கேஸைப் பிரித்துக் கிராங்கை வெளியே எடுக்க வேண்டும். பழைய செயினை வெட்டி, புதியதை அதோடு கோத்து இழுத்து, மேலேயே ரிவெட் அடித்து இணைக்கும் வழியும் உண்டு. ரிவெட் அடிக்கும் உரிய கருவியும் பழகிய கையும் இருந்தால் மட்டுமே அதை நம்பலாம். எந்த வழியில் போனாலும் செயினை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்த வேண்டாம். முன்பக்கக் கைடு, டென்ஷனர், அதன் ஸ்பிரிங் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றி, கேமின் பல்சக்கரத்தில் பற்கள் கொக்கிபோல் வளைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டு மூடவும். ஐம்பது ஆண்டுக்கால ரப்பர், தேயாமல் இருந்தாலும் கல்லாக இறுகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் சிறிதும் அமுங்காது. புதிய செயினை அதன்மேல் ஓடவிட்டால், சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி இன்ஜினை இறக்க வேண்டி வரும்.